பெயர் மாற்றாத கப்பல்

ஜூலை 6

ஆசாரி வந்து மகன் மௌலியின் அறைக் கதவிலும் குளியலறைக் கதவிலும் தாழ்ப்பாளைக் கழற்றினார். "நல்லாத்தானுங்கக்கா இருக்குது, எதுக்குக் கழட்டறீங்க?" என்றார். துருப்பிடித்து மாட்டிக்கொள்கிறது என்றேன். இழுத்து விட்டுக் காட்டினார். வழுக்கிக்கொண்டு போய் வந்தது. பரவாயில்லை, கழற்றிவிடுங்கள் என்றேன். ஆணி இருந்த துளைகளைப் பசை கலந்த மரத்தூளால் அடைத்துவிட்டுப் போனார். கதவு ஒவ்வொன்றிலும் வெளிறிய தடம் தெரிகிறது.

வீட்டிலுள்ள மாத்திரைகள் எல்லாம் என் கைப்பையில் இருக்கின்றன. என் தைராய்டு மாத்திரை, இவருடைய சுகர் மாத்திரை உட்பட. குளிக்கப் போகும்போதும் கைப்பை கூடவே வருகிறது.

மௌலி ராகி தோசை இரண்டு சாப்பிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இன்றுதான் இரண்டு.

ஜூலை 9

டாக்டர் ஹேமலதா அவனைத் தனியாக வைத்துப் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஏன்னு கேக்காதீங்க. அவனுக்கே தெரியாது. வரப்போற நாள்ல எதுக்காகவாவது காத்துட்டு இருக்கியான்னு கேட்டேன். ஒரே ஒரு பதில்தான் வந்துச்சு. ஏதோ கேமாமே, செப்டம்பர்ல வருதாமே?"

"லாங் டிரிஃப்ட். ரெண்டாம் பாகம்."

"பரவால்ல, உங்களுக்குப் பேர் தெரிஞ்சிருக்கே. சின்னதோ பெருசோ, பிடிச்சுக்க ஒண்ணு இருக்கு. கேலி பண்ணாதீங்க."

நான் யாரிடமும் பேசாத ஆள் என்பதை ஆஸ்பத்திரியில் பார்த்த அன்றே கண்டுபிடித்துவிட்டார். எழுதவாவது செய்யுங்கள் என்று அப்போதே சொன்னார். அதனால் இது.

பெயர் எனக்கு எப்படித் தெரியாமல் போகும்? முதல் பாகம் வந்தபோது அவன் ஆறாவது படித்தான். விண்வெளியில் சரக்குக் கப்பல் ஓட்டும் விளையாட்டு. அதில் தூரமும் நேரமும் நிஜம்போலவே இருக்கும். ஒரு நிலையத்துக்கு மூன்று நாள் பயணம் என்றால் நம் நாட்காட்டியிலும் மூன்று நாள். கம்ப்யூட்டரை அணைத்தாலும் கப்பல் போய்க்கொண்டே இருக்கும். இரண்டாம் பாகம் வருகிறது என்று அறிவித்தபோது ஒன்பதாவது. இப்போது இருபது வயது. இஞ்சினியரிங் இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்டது. அந்த விளையாட்டு மட்டும் இன்னும் வரவில்லை. ஒவ்வொரு தடவை தள்ளிப்போனபோதும் நான் சந்தோஷப்பட்டேன். பரீட்சை முடியட்டும் என்று.

திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தான். "செப்டம்பர்ல என்ன தேதி?" என்று கேட்டேன்.

"இருபத்தஞ்சு," என்றான். பிறகு, "ம்மா, ஆக்ஸிலரேட்டரை இப்படி முறுக்காத. சிக்னல் வருது."

ஜூலை 10

காலண்டரில் செப்டம்பர் 25ஐச் சுற்றி வட்டம் போட்டேன். அவன் கண்ணில் பட்டால் என்ன நினைப்பான் என்று, பக்கத்தில் 'கேஸ் சிலிண்டர்' என்று எழுதிவைத்தேன்.

ஜூலை 19

மில் லேபுக்குத் திரும்பிவிட்டேன். நான் இல்லாத நேரத்தில் இவர் லேத் பட்டறையைப் பையன்களிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார். "கரண்ட் இல்ல," என்று மௌலியிடம் சொல்கிறாராம். தினமும் எப்படிக் கரண்ட் இருக்காது?

நூலின் பலத்தைச் சோதிக்கும் மிஷின், நூல் அறுகிற வரைக்கும் இழுக்கும். அறுந்த இடத்து எண்ணைப் பதினெட்டு வருடமாகக் குறித்துவருகிறேன். இன்றைக்கு அதன் பக்கத்தில் நிற்க முடியவில்லை. வசந்தாமணியைச் செய்யச் சொல்லிவிட்டு ஈரப்பத அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 21

பட்டறைக் கணக்குக்காக வாங்கிய பழைய லேப்டாப்பில் லாங் டிரிஃப்ட் முதல் பாகம் ஓடுகிறது. அடிக்கடி சூடாகிவிடுகிறது, அவ்வளவுதான். தையல் மிஷின் இருக்கும் அறையில், மேஜையைச் சுவரை ஒட்டிப் போட்டுக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் மௌலி. கேட்டால் ஆபீஸ் வேலை என்று சொல்லலாம். யாரும் கேட்கவில்லை.

விமானிக்கு ஒரு பெயர் வேண்டுமாம். சிட்டு என்று வைத்தேன்.

விளையாடும் தமிழர்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது. அதிலும் சேர்ந்துகொண்டேன். மௌலியின் பெயர் அங்கே தூமகேது. பள்ளிக்கூடக் காலத்திலேயே அவன் திரையில் பார்த்திருக்கிறேன்.

எனக்குக் கப்பலை நிலையத்திலிருந்து வெளியே எடுக்கவே வரவில்லை. சுவரில் மோதினேன். மறுபடியும் மோதினேன். குழுவில் ஒருவர், "புதுசா வந்த சிட்டுவுக்கு இறக்கை மட்டும்தான் இருக்கு, கண்ணு இல்ல," என்று எழுதினார். எல்லாரும் சிரித்தார்கள். அப்போது தூமகேது எழுதினான்.

"சிட்டு, பிரேக் தேடாத. இங்க பிரேக் கிடையாது. ஒரு தடவை வேகம் எடுத்துட்டா கையை எடுத்துடு, அதுவே போகும். நிறுத்தணும்னா கப்பலைத் திருப்பி வெச்சு எதிர்ப்பக்கம் உந்தணும். பயப்படாம பண்ணு."

எழுத்து என் திரையில் வருவதற்கு முன் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. வீட்டில் நாள் முழுக்க இவ்வளவு வார்த்தை பேசுவதில்லை.

ஆகஸ்ட் 3

குழுவில் எனக்குப் பிடித்தவர் இடியாப்பம் என்பவர். யாழ்ப்பாணத்துக்காரர், டொராண்டோவில் பஸ் ஓட்டுகிறார். இங்கே சாயங்காலம் என்றால் அங்கே அவருக்கு வேலைக்குப் போகும் முன் கிடைக்கிற நேரம். எல்லாரையும் அதட்டுவார், எல்லாருக்கும் எரிபொருள் கொடுப்பார்.

மௌலி மற்ற எல்லாரையும் 'ப்ரோ' என்கிறான். என்னை மட்டும் சிட்டு என்கிறான். புதுசு என்பதால் இருக்கும்.

கீரை மலிவாக இருந்தது. கடைந்தேன்.

ஆகஸ்ட் 21

தள்ளிவைத்துவிட்டார்கள். டிசம்பராம்.

நிறுவனத்தின் தலைவர் ஒரு வீடியோவில் வந்து பேசினார். பின்னால் செடி, கையில் காபிக் கோப்பை. உங்கள் பொறுமைக்கு நன்றி என்றார். நாங்கள் பொறுமையாக இருக்கிறோம் என்று அந்த மனிதருக்கு யார் சொன்னது?

குழுவில் மழையாகக் கொட்டினார்கள்.

"ஆறு வருசமா கப்பல் கட்டறானுங்க, இன்னும் கதவு வெக்கல."

"எங்க ஊரு மேம்பாலம்கூட முடிஞ்சுருச்சு ப்ரோ."

"நான் லவ் பண்ண ஆரம்பிச்சப்ப அறிவிச்சானுங்க. இப்ப என் பொண்ணு ப்ரீகேஜி போறா."

இடியாப்பம் எழுதினார்: "முற்பணம் கட்டின எங்களை விசரன் ஆக்கிப்போட்டாங்கள்." விசரன் என்றால் பைத்தியக்காரனாம்.

தூமகேது ஒன்றும் எழுதவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கதவைத் தள்ளிப் பார்த்தேன். திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தக் காபிக் கோப்பை மனிதர் திரையில் அசையாமல் வாயைத் திறந்துகொண்டிருந்தார்.

"சாப்பிட வா கண்ணு."

"பசிக்கல."

இவரிடம் சொன்னேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். "அந்தக் கம்பெனிக்காரன் நம்மூரா இருந்தா கால்ல உழுந்தாவது முடிச்சுக் குடுக்கச் சொல்லலாம்," என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 22

அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். நீளமாக எழுதி, ஒவ்வொரு வரியாக அழித்தேன். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: 'சொன்ன தேதியில் தயவுசெய்து கொடுங்கள். சிலருக்குத் தேதி முக்கியம்.'

ஆகஸ்ட் 24

பதில் வந்தது. என் உற்சாகத்துக்கு நன்றியாம். என்னைப் போன்ற ரசிகர்களுக்காகத்தான் இன்னும் மெருகேற்றுகிறார்களாம். விளையாட்டின் சின்னம் போட்ட பனியன் வாங்கினால் தள்ளுபடி உண்டாம்.

மௌலி நேற்றிலிருந்து மோர் மட்டும் குடிக்கிறான்.

செப்டம்பர் 6

டாக்டரிடம் போய்வந்தோம். சாப்பாடு கொஞ்சம் தேறியிருக்கிறது. தூக்கம் இல்லை.

அவன் வெளியே மருந்துக்கு நின்றபோது நான் உள்ளே போய்க் கேட்டேன். "அந்த கேம் வந்துருச்சுன்னா, அப்புறம் என்னங்க டாக்டர்?"

அவர் எழுதுவதை நிறுத்தினார். "அதுக்குள்ள வேற நாலு விஷயத்தைப் பிடிக்க வெக்கணும். அதுக்குத்தான் நேரம் வேணும்."

வரும் வழியில் கோனியம்மன் கோயிலில் நின்றேன். சீக்கிரம் வரட்டும் என்று கேட்பதா, வராமலே இருக்கட்டும் என்று கேட்பதா? ஒன்றும் கேட்காமல் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 25

கேஸ் சிலிண்டர் வந்தது. உண்மையாகவே இன்றைக்குத்தான் வந்தது.

அக்டோபர் 9

அந்த நிறுவனத்தில் வேலை பார்த்து வெளியேறிய ஒருவர் எழுதியதை யாரோ குழுவில் போட்டிருக்கிறார்கள். டிசம்பரில் எதையாவது வெளியிட்டுத்தான் ஆக வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டதாம். ஆனால் உள்ளே பாதிகூட முடியவில்லையாம். கோள்கள் வெறும் படமாம், இறங்க முடியாதாம். முதல் பாகத்துக் கப்பல்களை இதற்குக் கொண்டுபோகலாம் என்று கொடுத்த வாக்கும் பொய்யாம்.

தூமகேது ஒரே வரி எழுதினான். "அப்ப அவ்ளோதான்."

அக்டோபர் 11

நல்ல நாள். மௌலி காலையில் எழுந்து தன் அறையைச் சுத்தம் செய்தான். அலமாரியைக் காலி பண்ணி, பழைய துணியெல்லாம் மடித்துப் பையில் வைத்தான். பாடப்புத்தகங்களைக் கயிறு போட்டுக் கட்டினான். அவன் முகத்தில் இவ்வளவு நிம்மதியைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்தான். மருந்து வேலை செய்கிறது என்று இவரிடம் சொன்னேன். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போயி மைசூர்பாகு வாங்கிட்டு வர்றன்," என்று கிளம்பிவிட்டார்.

அக்டோபர் 12

இன்னொரு நல்ல செய்தி. எனக்கு ஒரு கப்பல் கிடைத்திருக்கிறது!

தூமகேது தனிச் செய்தி அனுப்பினான், சிட்டுவுக்கு. கணேசன் நிலையத்துக்கு வரச் சொன்னான். அதன் நிஜப் பெயர் ஏதோ எண், குழுவில் வைத்த பெயர் கணேசன். நான் நின்ற இடத்திலிருந்து அரை மணி நேரப் பயணம்தான், ஆனால் யாரும் போகாத மூலை. தட்டுத் தடுமாறிப் போய்ச் சேர்ந்தேன். அங்கே அவனுடைய பெரிய சரக்குக் கப்பல் நின்றுகொண்டிருந்தது. மஞ்சள் நிறம், அங்கங்கே கருப்புப் புள்ளி. அதற்கு அவன் வைத்திருக்கும் பெயர் 'லெமன் சாதம்'.

"இதை நீ வெச்சுக்கோ சிட்டு," என்று எழுதினான். "நல்லா பாத்துக்கோ. பேரை உனக்குப் பிடிச்ச மாதிரி மாத்திக்கோ."

ஏழெட்டு வருடம் சம்பாதித்துக் கட்டிய கப்பல். முன்பின் தெரியாத ஒரு ஆளுக்கு! டாக்டர் சொன்ன 'வேற நாலு விஷயத்தில்' இது ஒன்று அல்லவா? பெரிய மனசு வந்திருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்கு வெள்ளிக்கிழமைதோறும் லெமன் சாதம்தான் கட்டிக்கொடுப்பேன். கடுகு அதிகம் என்று திட்டிக்கொண்டே சாப்பிடுவான்.

"ரொம்ப நன்றி ப்ரோ," என்று எழுதினேன். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது.

அக்டோபர் 13

மில்லிலிருந்து வந்து, கப்பல் கிடைத்த விஷயத்தைக் குழுவில் பெருமையாகச் சொன்னேன். யாரும் வாழ்த்தவில்லை. இடியாப்பம் தனியாக எழுதினார். அதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

"சிட்டு, பேரை மாத்திப்போட்டீரோ?"

"இல்ல. ஏன்?"

"நீர் புதுசு, அதுதான் தெரியேல்லை. எங்கட ஆக்களில ஒராள் ஒரேயடியா விளையாட்டை விட்டிட்டுப் போகேக்க, கணேசன் நிலையத்துக்குக் கூப்பிட்டுத் தன்ர கப்பலை நம்பிக்கையான ஆளிட்டக் குடுத்திட்டுத்தான் போறது. வாங்கினவர் பேரை மாத்தோணும். மாத்தினாப் பிறகு குடுத்தவருக்கு விடுதலை. அதுவரைக்கும் அந்தக் கப்பலுக்கு என்ன நடந்தாலும் அவர்தான் பொறுப்பு, அவர்தான் வந்து பாக்கோணும். பெடியன் போறான் போல கிடக்கு. நல்ல பெடியன். ஏனெண்டு கேட்டா மறுமொழி இல்லை."

நான் எழுந்தேன். நாற்காலி விழுந்தது. மடித்துவைத்த துணி, கயிறு போட்ட புத்தகம், அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தது. எல்லாவற்றையும் நான் மைசூர்பாகு வைத்துக் கொண்டாடியிருக்கிறேன்.

அவன் அறைக் கதவைத் தள்ளினேன். தாழ்ப்பாள் இல்லை, திறந்துகொண்டது. கட்டிலில் உட்கார்ந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. வெங்காயம் உரிக்கணும். வந்து உரிச்சுக் குடு."

என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு வந்து உரித்தான். எவ்வளவு வெங்காயம் இருந்ததோ அவ்வளவையும் கொடுத்தேன். அவன் உரிக்கும்போது இவர் வந்தார், வாசலில் செருப்பைக் கழற்றாமல் என் முகத்தைப் பார்த்தார். கண்ணால் சொன்னேன். அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவரும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டார். பிறகு கத்தியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கையாலேயே உரித்தார். நான் மாடிக்குப் போய் டாக்டருக்கு போன் செய்தேன்.

அக்டோபர் 14

காலையிலேயே போய்விட்டோம். டாக்டர் அவனிடம் நேரடியாகக் கேட்டிருக்கிறார். அவனும் நேரடியாகச் சொல்லியிருக்கிறான். மருந்தை மாற்றினார். தினமும் போன் செய்யச் சொன்னார். வேண்டுமானால் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். மௌலி, "வீட்லயே இருக்கேன், அம்மா பாத்துக்குவாங்க," என்றான். அந்த வார்த்தையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நான் மறுபடி நீண்ட விடுப்பில்.

சாயங்காலம் லெமன் சாதத்தைக் கணேசன் நிலையத்திலிருந்து வெளியே எடுத்தேன். ஓட்டிப் பழகலாம் என்று. ஸ்கூட்டர் பழக்கத்தில் ஆக்ஸிலரேட்டரைப் பிடித்தேன், பிடித்துக்கொண்டே இருந்துவிட்டேன். பார்த்தால் எரிபொருள் தீர்ந்துவிட்டது. திருப்பி உந்தவும் இல்லை. கப்பல் எந்த நிலையமும் இல்லாத திசையில் போய்க்கொண்டிருக்கிறது. கை தவறிவிட்டது.

குழுவில் எழுதினேன்: "லெமன் சாதம் மாட்டிக்கிச்சு. எண்ணெய் இல்ல. நிறுத்தத் தெரியல. பேரும் இன்னும் மாத்தல."

பிறகு சுவருக்கு அந்தப் பக்கம், வாய்விட்டு, உரக்க: "யாருடா இது! விண்வெளில போயி ஆக்ஸிலரேட்டரைப் புடிச்சுட்டே போறது!"

இவர் கூடத்திலிருந்து பதறி ஓடி வந்தார். "என்னாச்சு? என்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங்க," என்றேன். "திட்டறான்."

அக்டோபர் 16

தூமகேது வருவதாகச் சொல்லிவிட்டான். பொறுப்பு அவனுடையதாம், பேர் மாற்றவில்லையாம். ஆனால் நல்ல கப்பலை என்னிடம் கொடுத்துவிட்டான். அவனிடம் இருப்பது எல்லாருக்கும் முதல் நாள் இனாமாகக் கிடைக்கிற பொட்டுக் கப்பல். அதில் என்னை எட்டிப்பிடிக்க டிசம்பர் ஆகிவிடுமாம்.

"சிட்டு, இனி எதையும் தொடாத. ஒரு பட்டனையும் தொடாத. புரியுதா?"

"புரியுது ப்ரோ."

இடியாப்பம் பாதி வழியில் எரிபொருள் கொண்டுவந்து கொடுக்கிறேன் என்றிருக்கிறார். "பஸ்ஸில ஆக்களை ஏத்துறதும் இதுவும் ஒண்டுதான்," என்றார்.

நவம்பர் 2

தீபாவளி. அதிரசம் பிளந்துபோய்விட்டது. மௌலி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுக்கும் ஆக்ஸிலரேட்டரை ஜாஸ்தி குடுத்துட்டியா?" என்றான். இவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நவம்பர் 17

சில நாள் கட்டிலைவிட்டு எழுவதில்லை. அன்றைக்கெல்லாம் பல் தேய்க்க வைப்பதே பெரிய வேலை. ஆனால் சாயங்காலம் ஒரு தடவை எழுந்து பொட்டுக் கப்பலின் திசையைச் சரிபார்த்துவிட்டுப் படுத்துக்கொள்கிறான். திசை கொஞ்சம் பிசகினாலும் என்னைத் தாண்டிப் போய்விடுமாம்.

வாரத்தில் இரண்டு நாள் இவருடன் பட்டறைக்குப் போகிறான். டாக்டரின் யோசனை. "ஒண்ணும் பண்ணல, சும்மா உக்காந்துட்டு இருந்தான்," என்றார் இவர். அதையே நல்ல செய்தி மாதிரி சொன்னார்.

டிசம்பர் 4

வந்துவிட்டது.

காலையிலிருந்து அவன் அறை வாசலில் ஏதாவது ஒரு வேலையை வைத்துக்கொண்டேன். பருப்புப் பொறுக்கினேன். துணி மடித்தேன். இவர் பட்டறைக்குப் போகவே இல்லை. மகன் பரீட்சை எழுதும் இடத்துக்கு வெளியே நிற்பதைப்போல இருவரும் நின்றோம்.

பதிவிறக்கம் முடிந்து அவன் விளையாடத் தொடங்கினான். இசை கேட்டது, அழகாகத்தான் இருந்தது. மத்தியானம் வாக்கில் கூப்பிட்டான். "ம்மா. இங்க வந்து பாரேன்."

போனேன். திரையில் ஒரு விண்வெளி நிலையம். அவனுடைய மனிதன் அதற்குள் நடந்தான். நாலடி வைத்ததும் தரை வழியாகக் கீழே விழுந்தான். விழுந்துகொண்டே இருந்தான். கீழே ஒன்றும் இல்லை, கருப்புத்தான்.

"இதுதான். எங்க போனாலும் இதேதான். கப்பல்ல ஏற முடியல, கதவு இல்ல. அந்த கோள் இருக்கு பாரு, அது வெறும் படம்." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. "ஒம்பதாவதுல இருந்தும்மா."

அவன் தலையில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை.

சாயங்காலம் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டான்.

டிசம்பர் 5

சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டரின் மின்விசிறிச் சத்தம் இல்லை. அது ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது என்பதே நின்ற பிறகுதான் தெரிகிறது.

டாக்டர் மத்தியானம் போனிலேயே அவனிடம் பேசினார். இன்றிரவு இவர் அவன் அறையிலேயே பாய் போட்டுக்கொள்கிறார்.

டிசம்பர் 7

குழுவே இழவு வீடுபோல இருக்கிறது. காசைத் திருப்பிக் கேட்கிறவர்கள், வீடியோ போட்டுத் திட்டுகிறவர்கள். காபிக் கோப்பை மனிதர், வரும் மாதங்களில் எல்லாவற்றையும் சரிசெய்வோம் என்று எழுதியிருக்கிறார்.

தூமகேது வரவில்லை. பொட்டுக் கப்பல் தானாகப் போய்க்கொண்டிருக்கிறது. திசையைச் சரிசெய்ய ஆள் இல்லை.

நான் எழுதினேன்: "தூமகேது ப்ரோ, என் கப்பல்ல காத்து கொறைஞ்சுட்டே வருது. நான் எதையும் தொடல. நீ சொன்ன மாதிரியே உக்காந்துட்டு இருக்கேன்."

ஒற்றை விரலால் தட்டி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. முடித்துவிட்டுச் சுவரில் காதை வைத்துக்கொண்டேன். அவன் போன் டிங் என்றது. பிறகு கட்டில் முனகியது. யாரோ எழுந்து உட்காருகிற மாதிரி. அவ்வளவுதான். நான் காதை எடுக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மின்விசிறிச் சத்தம் கேட்டது.

டிசம்பர் 14

இதை ஒளிக்காமல் எழுதப்போகிறேன்.

இன்று பொட்டுக் கப்பல் என் கண்ணுக்குத் தெரிந்தது. சின்னப் புள்ளி. அதன் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. "தெரியுதா சிட்டு? இன்னும் கொஞ்சம்தான்," என்று எழுதினான். எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. பிடித்துவிட்டால் முடிந்துவிடும். கொக்கி போட்டுவிட்டு, பேரை மாத்திக்கோ என்பான். எல்லாக் கடனும் தீர்ந்த மாதிரி நிம்மதியாக இருப்பான். அந்த நிம்மதியை நான் ஒரு தடவை பார்த்துவிட்டேன்.

அவசரத்துக்கென்று ஒரு சொட்டு எரிபொருள் தனியாக இருக்கும். அது எனக்கு அக்டோபரிலேயே தெரியும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். மஞ்சள் கப்பல் விலகி நகரத் தொடங்கியது. புள்ளி பின்னால் போயிற்று.

"ம்மா! ஆக்ஸிலரேட்டர்ல இருந்து கையை எடு!"

திரையில் அல்ல. சுவர் வழியாக. தொண்டை கிழிய.

கையை எடுத்துவிட்டேன்.

எழுந்து அவன் அறைக்குப் போனேன். திரையைப் பார்த்தபடியே திசையைத் திருத்திக்கொண்டிருந்தான். நெற்றியில் வியர்வை.

"இந்த வீட்ல ஒத்த விரல்ல டைப் பண்ற ஆளு வேற யாரு இருக்கா?" என்றான். "செவுத்துல டொக்கு டொக்குனு கேக்குது."

"எப்ப இருந்து தெரியும்?"

"மொத நாளே. ஜூலைல. நீ செவுத்துல முட்டிட்டு இருந்தியே, அப்பவே."

ஜூலை. கப்பலைக் கொடுத்தது அக்டோபரில். யாரிடம் கொடுக்கிறோம் என்று தெரிந்துதான் கொடுத்திருக்கிறான். நல்லா பாத்துக்கோ என்று எழுதியதும் தெரிந்துதான். நான் அதற்கு 'ரொம்ப நன்றி ப்ரோ' என்று எழுதினேன்.

இதற்கு மேல் அதைப் பற்றி எழுத வேண்டாம்.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் திரும்பவில்லை. "நீ பேரை மாத்திருந்தீன்னா..." என்றான். நிறுத்திக்கொண்டான்.

"மாத்தல."

"தெரியும்."

"இனியும் மாத்த மாட்டேன்."

"செரி, அழுகாத. தள்ளி நில்லு, வெளிச்சம் மறைக்குது." மூக்கை உறிஞ்சினான். "இப்ப திரும்பவும் துரத்தணும். புடிச்சாலும் இந்த டப்பாக் கப்பலை வெச்சு அதை நிலையத்துக்கு இழுத்துட்டு வர பிப்ரவரி ஆயிரும். எல்லாம் உன்னாலதான்."

"ஆகட்டும்."

"அதுக்குள்ள அவனுங்க அந்தத் தரையையாவது சரிபண்றானுங்களான்னு பாக்கலாம். பண்ண மாட்டானுங்க, திருட்டுப் பசங்க." கடைசி வார்த்தையைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். கோபம் வந்திருக்கிறது.

டிசம்பர் 15

காலையில் மருந்து கொடுத்தேன், விழுங்கியதும் நாக்கைத் தூக்கிக் காட்டினான். கைப்பை இன்னும் என் தோளில்தான். மத்தியானம் எழவில்லை. மோர் மட்டும் குடித்தான். சாயங்காலம் திசையைச் சரிபார்த்தான்.

பிப்ரவரியில் வட்டம் போடலாம் என்று காலண்டரைப் புரட்டினேன். டிசம்பரோடு தாள் முடிந்துவிட்டது. மில்லில் புதுக் காலண்டர் கொடுப்பார்கள், ஆனால் பொங்கலுக்குத்தான் வரும். அதுவரை காத்திருக்க முடியாது. செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய் ஒன்று வாங்கிவந்தேன்.